ஒன்பது பொருத்தம் உள்ளவரா, அப்பாவைப் பற்றிக் கேட்டவரா?

கேள்வி: நொய்யல்கரைப் பெண்

எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு ஒரே பெண். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செலவு முழுக்க என் சம்பளத்தில்தான் நடக்கிறது.

இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. முதலாமவருக்குப் பத்தில் ஒன்பது பொருத்தம். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். "அதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றவர், வாங்கப்போகும் அடுக்குமாடி வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இரண்டாமவரிடமும் அதையே சொன்னேன். "எந்தெந்தக் கிழமை? யார் கூட்டிப்போகிறார்கள்? கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான இரத்தக்குழாய் இணைப்பு) வைத்தாயிற்றா, இன்னும் கழுத்துக் குழாய் வழியாகத்தானா?" என்று கேட்டார். அவருடைய பெரியப்பாவுக்கும் இதே சிகிச்சை நடந்ததாம். தங்கை கல்யாணக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும் நான் கேட்காமலே சொன்னார்.

நான் ரோகிணி, அவர் சுவாதி. இரண்டு நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுப் பிரிவில் வருவதால் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் எப்படிப் பேசுவது? அவரிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1: பஞ்சாங்கம் பெரியவர்

அம்மாடி, இரண்டும் கண்ட ரஜ்ஜு, அதாவது கழுத்து ரஜ்ஜுதான். அது பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள். உன் அம்மா பயப்படுவது உன் உயிருக்காக, அதைத் தட்டிக்கழிக்காதே. ஆனால் ரோகிணி ஆரோகணம், சுவாதி அவரோகணம். ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்றால் சேர்க்கலாம் என்று சொல்லும் சோதிடர்களும் உண்டு. அம்மாவையே குடும்ப சோதிடரிடம் அழைத்துப்போய்க் கேட்கச் சொல்.

பதில் 2: பவானிக்காரி

தங்கச்சி, கல்யாணத்துக்குப் பிறகும் நீ அப்பாவைப் பார்த்துக்கொள்வாய் என்பது அந்த இரண்டாமவரின் அம்மாவுக்குத் தெரியுமா? முதலில் அதைக் கேள். என் கணவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாதமெல்லாம் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தமே வேறாக இருக்கும். நிச்சயத்துக்கு முன்பே, உன் அம்மாவும் அவர் அம்மாவும் இருக்கும்போது, இதைப் பேச்சில் கொண்டுவந்துவிடு.

நீ சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குச் சிறுநீரகம் எதனால் கெட்டது? பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் என்றால், அதன் பொதுவான வகை பிள்ளைகளுக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படியானால் நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்.

பதில் 3: காங்கேயம் தம்பி

ஒரே பேச்சில் முதலாமவரைக் கழித்துவிடாதீர்கள், அக்கா. பணப் பேச்சு என்றாலே பதறி, பேச்சை மாற்றுகிற ஆண்கள் நிறையப் பேர். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்: நொய்யல்கரைப் பெண்

தம்பி, மறுபடியும் கேட்டுவிட்டேன். "உங்கள் பக்கத்தில் வேறு சொந்தக்காரர்கள் இல்லையா?" என்றார். எனக்கு அது போதும்.

அக்கா, அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் வந்தது, அவரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய அம்மாவிடம் பேச ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பெரியவர் சொன்னதைக் காட்டியதும் அம்மாவும் உடன் வரச் சம்மதித்திருக்கிறார். போகும் வழியில் சோதிடர் வீட்டில் இறங்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.