புதுப்பிப்பு: பந்தயத் தடத்தில் கொடி பிடித்த கதை

பதினாறு வயதில் கார் பந்தயத்தில் தன்னார்வலராக நின்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "சின்னப் பையனைத் தடத்துக்குள் யார் விட்டது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உள்ளே விடவில்லை, தடுப்புக்குப் பின்னால்தான். மஞ்சள் கொடி ஆட்டினால் யாரும் முந்தக்கூடாது. இரண்டு மஞ்சள் ஆட்டினால் நிற்கவும் தயாராக வேண்டும். கூட நின்ற அண்ணன் முதலில் சொன்னது, "வண்டி வர்ற பக்கம் முதுகைக் காட்டாதே".

அவர் பயமுறுத்தவில்லை. 1977-இல் தென்னாப்பிரிக்காவின் கயாலாமி பந்தயத் தடத்தில் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு தடத்தைக் கடந்த 19 வயது மார்ஷல் (எங்களைப் போலத் தடத்தோரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர்) மீது ஃபார்முலா 1 ஓட்டுநர் டாம் பிரைஸின் கார் மோதி இருவருமே இறந்தார்கள். மேடேறி வந்தவருக்கு ஆள் ஓடுவதே தெரியவில்லை.

சம்பளமா? மதியச் சாப்பாடும் காதுக்குப் பஞ்சும்தான்.