இலைச்சாறு வான்கோமைசினை விடப் பெரிய வட்டம் போட்டது, அப்படியே எழுதலாமா?

மூன்றாமாண்டு_மைக்ரோ:

எல்லோருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஒரு மூலிகை இலையின் மெத்தனால் சாற்றை எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) மேல் சோதித்தேன் (இலையின் பெயரை இப்போது சொன்னால் கைடு திட்டுவார்). சாறு விட்ட காகித டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா முளைக்காத வட்டம் 19 மி.மீ. பக்கத்திலேயே வைத்த வான்கோமைசின் (எம்ஆர்எஸ்ஏக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்) டிஸ்க்குக்கு 17 தான். மூன்று தட்டிலும் இதே கதை. ஸ்கேல் வைத்து அளந்தபோது கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

டிஸ்க்குக்கு 20 மைக்ரோலிட்டர் விட்டேன், செறிவு மில்லிக்கு 250 மில்லிகிராம். "வான்கோமைசினை விட வீரியமான இயற்கை ஆன்டிபயாடிக்" என்று முடிவுரையில் எழுதலாமா?

வழிப்போக்கன்:

தாராளமாக எழுதுங்கள். முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மருந்துக் கம்பெனிகள்தான் இதையெல்லாம் வெளியே வர விடாது.

பெட்ரி_அக்கா:

தம்பி, எழுதாதே.

முதலில் கணக்கைப் பார். 20 மைக்ரோலிட்டரில் நீ வைத்தது 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். வான்கோமைசின் டிஸ்க்கில் இருப்பது 30. நூற்று அறுபது மடங்குக்கு மேல் கொட்டிவிட்டு இரண்டே இரண்டு மி.மீ. கூடுதலாக வாங்கியிருக்கிறாய்.

அப்புறம், வட்டத்தின் அகலத்தை வைத்து இரண்டு பொருட்களில் எது வீரியம் என்று சொல்லவே முடியாது. வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, எடை 1450 பக்கம் வரும். அகாரில், அதாவது தட்டில் பாக்டீரியா வளரும் ஜெல்லியில், அது நகர்வதற்குள் விடிந்துவிடும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசின் டிஸ்க்கை நம்பாமல் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) பார்க்கச் சொல்வதே இதனால்தான். எண்ணெய்ப் பசையுள்ள தாவரப் பொருளுக்கும் இதே தொல்லை உண்டு. வீரியம் இருந்தாலும் ஈரமான அகாரில் பரவாமல் டிஸ்க்கிலேயே உட்கார்ந்துகொள்ளும், வட்டம் சின்னதாகத்தான் வரும்.

96 குழித் தட்டு இருக்கிறதா? சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தச் செறிவு வரை குழி தெளிவாக இருக்கிறது என்று பார். வான்கோமைசின் மில்லிக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். உன் சாறுக்கு 1000 தேவைப்பட்டால் என்ன அர்த்தம்? ஐந்து லிட்டர் ரத்தத்தில் 5 கிராம் சாறு கலந்து நிற்க வேண்டும். பாக்டீரியாவுக்கு முன்னால் ஆள் போய்விடுவார்.

நானும் இதில் மூக்குடைபட்டவள்தான். ஒரு மரப்பட்டைச் சாற்றோடு எட்டு மாதம் குடித்தனம் நடத்தினேன். எம்ஐசி அழகாக வந்தது. கூட வேலை பார்த்தவர் ஒருவர், "கொஞ்சம் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) சேர்த்துப் பாரேன்" என்றார். சேர்த்தேன். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு குழி பாக்கியில்லாமல் கலங்கல், எல்லாவற்றிலும் பாக்டீரியா வளர்ந்திருந்தது. அதுவரை வேலை செய்தது பட்டையில் இருந்த டேனின் என்ற துவர்ப்புப் பொருள். எந்தப் புரதம் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவுடையதா என்று பார்த்து ஒட்டாது. ரத்தத்திலோ ஆல்புமினுக்குப் பஞ்சமே இல்லை.

மெத்தனால் மட்டும் விட்ட டிஸ்க் வைத்தாயா? அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே.

வழிப்போக்கன்:

அப்படியானால் செடியில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?

பெட்ரி_அக்கா:

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? இருபது வருடமாக இலையையும் பட்டையையும் அரைத்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுமில்லை என்றால் எனக்கு என்ன வேலை? ஆனால் 2019-இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். "வான்கோமைசினை விட வீரியம்" என்று ஒருவர் எழுதிவைத்தால் அதை நம்பி இன்னொருவர் மாத்திரையை நிறுத்துவார்.

எனக்குப் பிடித்த உதாரணம் பெர்பெரின். பெர்பெரிஸ் இனச் செடிகளில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள், கையில் பட்டால் லேசில் போகாது. பாக்டீரியாவைக் கொல்லும் குணம் உண்டு, ஆனால் தனியாக விட்டால் சொதப்பும். காரணம், ஸ்டாஃபிலோகாக்கஸின் சவ்வில் நோர்-ஏ என்று ஒரு பம்ப் இருக்கிறது. பெர்பெரின் உள்ளே வர வர அதை வெளியே இறைத்துத் தள்ளிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளையும் இதே பம்ப்தான் வெளியேற்றுகிறது.

2000-இல் வந்த ஒரு ஆய்வு, அதே செடிகளில் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளும் இருப்பதைக் காட்டியது. அது தனியாக ஒரு பாக்டீரியாவையும் கொல்லாது. நோர்-ஏ பம்ப்பின் வாயை அடைப்பதுதான் அதன் வேலை. இரண்டையும் சேர்த்து விட்டால் பெர்பெரின் உள்ளேயே தங்கி பாக்டீரியாவை முடித்துவிடுகிறது. செடி இரண்டையும் தானே தயாரித்து வைத்திருக்கிறது பாருங்கள்! தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்கும் நாம், இரண்டாவதை "செயல் இல்லை" என்று குப்பையில் போட்டிருப்போம். நானும் எத்தனை போட்டேனோ.

அது இன்னும் மாத்திரையாகவில்லை, சரி. ஆனால் வழி புதிதல்ல. அமாக்ஸிசிலினோடு சேர்த்துக் கொடுக்கும் கிளாவுலானிக் அமிலமும் கொல்லுவதற்காக இல்லை, மருந்தை உடைக்கும் என்சைமைத் தடுக்கத்தான். அது செடியில் கிடைத்ததல்ல, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸிடமிருந்து வந்தது.

அதனால் தம்பி, உன் சாற்றை வீரியம் குறைந்த அளவில் ஒரு பழைய ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துப் பார். எம்ஆர்எஸ்ஏக்கு எதிராக ஆக்ஸாசிலினின் எம்ஐசி இறங்கினால் அதை எழுது. உன் 19 மி.மீ.யை விட எனக்கு அதுதான் சுவாரசியம்.

மாத்திரை_எண்ணுபவர்:

பெட்ரி அக்கா கேட்ட மெத்தனால் டிஸ்க், அதாவது சாறு இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல், அந்த விஷயத்துக்கு ஒரு பழைய கதை. கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு இயற்கைக் கிருமிநாசினி என்று விற்கப்பட்டது. 1999-இல் வெளியான ஆய்வில் ஆறு தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஐந்து நன்றாக வேலை செய்தன. அந்த ஐந்திலும் பென்ஸெதோனியம் குளோரைடு இருந்தது, அதாவது செயற்கைப் பதப்பொருள். அது இல்லாத ஆறாவது ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாமாண்டு_மைக்ரோ:

கைடிடம் பேசி இன்னும் இரண்டு வாரம் வாங்கிவிட்டேன். மெத்தனால் மட்டும் விட்ட டிஸ்க்கை நேற்று வைத்தேன். இன்று காலை 11 மி.மீ. வட்டம். டிஸ்க்கைக் காயவைக்காமல் ஈரமாகவே வைத்துவிட்டேன் போல. முன்னால் சாறு வைத்தபோதும் அப்படித்தான் வைத்தேன். 19-இலிருந்து 11-ஐக் கழித்து எழுதலாமா அக்கா?

பெட்ரி_அக்கா:

கழிக்கக் கூடாது தம்பி. டிஸ்க்கை ராத்திரி முழுக்கக் காயவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் போடு.