பிட்காயின் வாலட் ஆப் விட்டோம், முதல் 12 பேரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்

2024 மார்ச்சில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிட்காயின் வாலட் ஆப் வெளியிட்டோம். வெளியிட்டோம் என்பது பெரிய வார்த்தை, ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைலை 12 பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், அவ்வளவுதான். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதி பழைய ஆபீஸ் ஆட்கள். சாவி, அதாவது பணத்தை அனுப்பத் தேவையான ரகசிய எண், பயனர் கையிலேயே இருக்கும் வகை வாலட் அது. பணம் எங்களிடம் இல்லை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று போன் செய்தாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பை எழுத நாலு மாதம்தான் ஆனது. இந்த ஒரு விஷயத்தை எல்லாருக்கும் புரியவைக்க அதைவிட அதிக நாள் ஆனது.

முதலில் டெஸ்ட்நெட் காசு கொடுத்தோம், அதாவது சோதனைக்கென்றே இருக்கும் மதிப்பில்லாத பிட்காயின். எல்லாரும் "சூப்பரா இருக்கு தம்பி" என்றார்கள். ஒரு குறைகூட வரவில்லை, நாங்களும் நம்பிவிட்டோம். அப்புறம் நிஜக் காசு போட்டுப் பார்க்கலாம் என்று ஆளுக்குச் சுமார் 9,000 சடோஷி அனுப்பினோம் (ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி, அன்றைய விலைக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் வரும்). அன்று ராத்திரியே போன் அடிக்க ஆரம்பித்தது.

முதல் போன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன். 1,000 சடோஷியை எனக்கே திருப்பி அனுப்பிப் பார்த்திருக்கிறான். கணக்குப் பிள்ளை இல்லையா, சும்மா விடுவானா, பிட்காயின் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போய்த் தேடியிருக்கிறான். அங்கே 1,000 உன் முகவரிக்குப் போயிருக்கு, சரி, இன்னொரு 5,200 யாரோ முன்பின் தெரியாத முகவரிக்குப் போயிருக்கேடா, உன் ஆப்பில் எவனோ புகுந்துட்டான் என்று மணி பதினொன்றுக்குக் கத்துகிறான். அது மீதிச் சில்லறை. டீக்கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் மீதியைத் திருப்பித் தருகிற மாதிரிதான், ஆனால் பிட்காயினில் அந்த மீதி பழைய பைக்குத் திரும்பாமல் உங்களுடைய இன்னொரு புதுப் பைக்குப் போகும். எங்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் ஆப்பில் எந்த மூலையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இதோடு சேர்ந்த தொல்லை இன்னொன்று, பணம் வாங்கும் முகவரி ஒவ்வொரு தடவையும் மாறுவதைப் பார்த்து மூன்று பேர் பயந்துவிட்டார்கள். பழைய முகவரியும் செல்லும் என்று கீழே ஒரு வரி போட்டதும் அந்தக் கேள்வி நின்றது.

ரெண்டாவது ஆள் என் மாமா, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதே 1,000 சடோஷியை அனுப்பப் போய், கட்டணம் 2,800 என்று காட்டியதும் நிறுத்திவிட்டார். "ஏம்ப்பா, நூறு ரூபா மணியார்டருக்கு இருநூத்தியெண்பது ரூபா கமிஷனா? நாங்க அஞ்சு ரூபாதான் வாங்கினோம்." கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததில்லை, பரிவர்த்தனை எத்தனை பைட் இடம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் எவ்வளவு நெரிசல் என்பதைப் பொறுத்தது என்று அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப தபால் எடை மாதிரி, கவருக்குள்ள செக் இருந்தாலும் வெள்ளைத்தாள் இருந்தாலும் ஸ்டாம்பு ஒண்ணுதான்" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே ஆப்பில் கட்டணத் திரையில் போட்டுவிட்டோம். இன்றைக்கும் இருக்கிறது.

இதே மாமாவால்தான் பெரிய சிக்கலும் வந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. மாமாவுக்குக் கவலையே இல்லை, போன் போனாலும் வாலட்டை மீட்க ஆப் காட்டும் 12 வார்த்தையையும் டைரியில் எழுதிவைத்திருந்தார். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒழுங்காகக் காகிதத்தில் எழுதியவர் அவர் ஒருவர்தான். (ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி நாங்கள் பூட்டிவைத்திருந்தோம், என் அண்ணி அண்ணன் போனில் அந்தத் திரையைப் படம் பிடித்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்று எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார்.) புதுப் போனோடு திண்டுக்கல் போனேன். மாமா டைரியைத் திறந்தார். முத்து முத்தான கையெழுத்து, எல்லாம் தமிழில்.

ஐந்தாவது வார்த்தை "கோட்". ஒன்பதாவது "ரைட்".

விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்தச் சொற்கள் 2,048 வார்த்தை கொண்ட ஒரு நிலையான பட்டியலில் இருந்து வருகின்றன. ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு என்று வேறு மொழிப் பட்டியல்களும் உண்டு, தமிழ் கிடையாது. அந்த ஆங்கிலப் பட்டியலில் ஆடு என்று பொருள்படும் கோட்டும் இருக்கிறது, ரகசியக் குறியீடு என்கிற கோடும் இருக்கிறது. சரி என்கிற ரைட்டும் இருக்கிறது, எழுது என்கிற ரைட்டும் இருக்கிறது. தமிழில் எழுதினால் ஆடும் குறியீடும் ஒன்றுதான். மாமாவுக்கு எது என்று நினைவில்லை, "நீ காட்டுனதைத்தானே எழுதினேன்" என்கிறார், அதுவும் நியாயம்தான்.

நல்லவேளை, ரெண்டு வார்த்தையில்தான் குழப்பம், மொத்தம் நாலு சேர்க்கை. பன்னிரண்டாவது வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கும், அதனால் தப்பான சேர்க்கையைப் போட்டால் பெரும்பாலும் (பதினாறில் பதினைந்து தடவை) ஆப்பே செல்லாது என்று சொல்லிவிடும். ஆடும் எழுதுவதும், செல்லாது. ஆடும் சரியும், செல்லாது. குறியீடும் எழுதுவதும் போட்டதும் திறந்துகொண்டது. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் போனது, அத்தை பிரியாணி போட்டார். நாலைந்து வார்த்தையில் இப்படி ஆகியிருந்தாலோ, இருந்தது நாலு லட்சமாக இருந்தாலோ என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தேன், தூக்கம் வரவில்லை.

உங்களில் யாராவது இப்படி ஆப் விட்டு, அல்லது அடுத்தவன் ஆப்புக்குச் சோதனை எலியாக இருந்து பட்டது இருந்தால் சொல்லுங்கள்.

———

நான் எலிப் பக்கம் அண்ணே. என் ரூம்மேட் ஒரு வாலட் எழுதி, 2024 ஏப்ரல் 20 அன்று, சரியாக ஹால்விங் (புது பிட்காயின் உருவாகும் அளவு பாதியாகக் குறைவது) நடந்த நாளில், "லான்ச்" என்று கேக் எல்லாம் வெட்டினான். அன்றைக்கே ரூன்ஸ் என்கிற புது டோக்கன் சமாச்சாரமும் தொடங்கியதால் நெரிசல் எக்கச்சக்கம், கொஞ்ச நேரம் ஒரு பைட்டுக்கு ஆயிரம் சடோஷிக்கு மேல் போனது. சாதாரணப் பரிவர்த்தனை ஒன்றுக்கே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். நான் முந்தின நாள் குறைந்த கட்டணத்தில் அனுப்பியது நாலு நாள் தொங்கிக்கொண்டே நின்றது. அவன் ஆப்பில் அதற்கு "தோல்வி" என்று சிவப்பில் காட்டியது! நான் தோல்வி என்று நம்பி இன்னொரு தடவை அனுப்பினேன். கடைசியில் ரெண்டும் போய்ச் சேர்ந்தது. இப்போது "காத்திருக்கிறது" என்று மாற்றிவிட்டான், கட்டணத்தை ஏற்றி அனுப்பும் பட்டனும் வைத்திருக்கிறான். கேக் காசு இன்னும் தரவில்லை.

———

வேறொரு வாலட்டில் ஒரு வருடம் சப்போர்ட்டில் இருந்தேன், பெயர் வேண்டாம். அதிகம் வந்த புகார், "உங்க ஆப்பில் என் 12 வார்த்தையைப் போட்டேன், பேலன்ஸ் பூஜ்யம் காட்டுது". பணம் எங்கேயும் போகவில்லை. அதே சொற்களில் இருந்து ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு பாதையில் முகவரிகளைப் பிறப்பிக்கும். பழைய ஆப் 1 அல்லது 3 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருக்கும், எங்களது பிசி1 என்று தொடங்குவதில் மட்டும் போய்த் தேடும். எல்லாப் பாதையையும் தேடும்படி மாற்றுங்கள் என்று நான் ஆறு தடவை டிக்கெட் போட்டேன், "அடுத்த வெர்ஷனில்" என்றார்கள்.

இதற்குள் பயந்துபோன ஒருவர் பிளே ஸ்டோரில் ஒரு நட்சத்திரம் கொடுத்து ட்விட்டரிலும் புலம்பியிருந்தார். எங்கள் லோகோவை வைத்துக்கொண்டு எவனோ அவருக்குச் செய்தி அனுப்பி, சரிபார்க்க வேண்டும், அந்தச் சொற்களை இந்தப் படிவத்தில் நிரப்புங்கள் என்றிருக்கிறான். அவரும் நிரப்பிவிட்டார். பூஜ்யம் என்று காட்டிய பணம் அப்போதுதான் நிஜமாகவே பூஜ்யம் ஆனது. அவரிடம் போனில் பேசியது நான்தான், அதற்கு அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டேன்.

———

இவ்வளவு பாடு எதற்கு, பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிலேயே வைக்கலாமே என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். 2024 ஜூலையில் இங்கே ஒரு எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போய், எடுக்கும் வசதியையே நிறுத்தினார்கள். என்னுடையதும் உள்ளே. அன்றைக்கு ராத்திரி நாலு வாலட் ஆப் இறக்கினேன், போட்டுவைக்கக் காசுதான் கையில் இல்லை. மாமா இப்போது எப்படி எழுதிவைக்கிறார்?

———

புதுச் சொற்கள் எடுத்துக் கொடுத்து, பழைய வாலட்டில் இருந்ததை அதற்கு மாற்றிவிட்டோம். இந்த முறை ஆங்கிலத்தில்தான் எழுதினார், பெரிய எழுத்தில். ஆனாலும் மனசு கேட்கவில்லை போல, ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் தமிழில் பொருளும் எழுதியிருக்கிறார். ரெண்டு வார்த்தைக்குப் பொருள் தெரியாமல் எனக்குப் போன் செய்தார், "இதை மட்டும் உங்கிட்ட சொல்ல முடியாதே, நான் அகராதியில பாத்துக்கறேன்" என்று அவரே வைத்துவிட்டார்.