8 லைன் வீடு, 72 லட்சம்: மச்சானோட சேர்ந்து வாங்கலாமுங்களா?

கட்டிங் மாஸ்டர்:
திருப்பூர் பாண்டியன் நகர் பக்கம் 6 சென்ட் இடத்துல 8 லைன் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின வாடகை வீடு) விலைக்கு வந்திருக்குங்க. 72 லட்சம் சொல்றாங்க. மாசம் 36,000 வசூல்னு வீட்டுக்காரர் மகன் நோட்டையே விரிச்சுக் காட்டினார். என்கிட்ட 25 லட்சம் இருக்கு, தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது மச்சான், 20 போடறேங்கிறார், பத்திரச் செலவும் சேர்த்து மீதி 35-க்கு பேங்க் லோன். இ.எம்.ஐ. 31,000 போனாலும் 5,000 மிஞ்சும்னு கணக்கு. வீட்டுக்காரப் பெரியவர் உயில் எழுதாமப் போய்ச் சேர்ந்து 2 வருசம் ஆச்சு. அம்மா, 2 பசங்க, பெங்களூர்ல கட்டிக்கொடுத்த ஒரு பொண்ணு. வர்ற வெள்ளிக்கிழமை 10 லட்சம் அட்வான்ஸ் கேக்கறாங்க. பத்திரத்துல அரசாங்கம் வச்ச கைடுலைன் விலை 40 லட்சம் மட்டும் காட்டிட்டு மீதியைக் கையில குடுங்கங்கறாங்க. குடுத்துரலாமுங்களா?

காலி மனை:
பல்லடம் தாண்டி மனை வாங்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க. லைன் வீடு வச்சா செப்டிக் டேங்க் லாரிக்காரர் நம்பர்தான் முதல்ல மனப்பாடம் ஆகும்.

வேலம்பாளையம் அக்கா:
அந்த நம்பர் எனக்கும் மனப்பாடம்தான். 14 வருசமா 10 வீட்டு லைன் வச்சிருக்கேன்.

தம்பி, 36,000-ங்கிறது வசூலுங்க, வாடகை இல்லை. மொத்த லைனுக்கும் மீட்டர் எத்தனைன்னு பார்த்தீங்களா? ஒரே மீட்டரா இருந்தா வீட்டுக்கு வர்ற 4,500-லயே கரண்டுக் காசும் லாரித் தண்ணிக் காசும் இருக்கும். அது நம்ம கைக்கு வந்து அப்படியே வெளிய போற காசு. நோட்டை நம்பாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்குப் போய்க் குழாயடியில நில்லுங்க, குடியிருக்கிறவங்களே எல்லாத்தையும் சொல்லிருவாங்க. கக்கூஸ் எத்தனைன்னும் எண்ணிக்குங்க.

என் லைன் மாதிரியே 3,700 நிஜ வாடகைன்னு வைங்க. வருசத்துக்கு 3,55,200. எப்பவும் ஒரு வீடு காலியாக் கிடக்கும், தீபாவளிக்கு ஊருக்குப் போறவங்க பாதிப் பேர் திரும்பறதில்ல. அதுல 44,400 போச்சு. வீட்டு வரி, மோட்டார், சுண்ணாம்பு, அந்த லாரி எல்லாம் 40,000. கையில நிக்கறது 2,70,800, மாசம் 22,500 சுமார். இ.எம்.ஐ.க்கு மாசாமாசம் 8,500 உங்க சம்பளத்துல இருந்து போகும். பத்திரச் செலவு 9 சதவீதம் சேர்த்தா அடக்கம் 78 லட்சத்தைத் தாண்டுது, வருமானம் மூணரை சதவீதம்கூட இல்லை. நான்னா 60-ல ஆரம்பிச்சுப் பேசுவேன். ஓட்டுக் கட்டிடத்துக்கு விலையே போட மாட்டேன்.

இன்னொண்ணு, குடியிருக்கிறவங்க குடுத்த அட்வான்ஸ் இப்ப விக்கிறவங்க கையில இருக்கு. நாளைக்குக் காலி பண்ணும்போது உங்ககிட்டத்தான் கேப்பாங்க. வீட்டுக்கு 15,000-ன்னா 1,20,000. விலையில கழிச்சுக்குங்க.

அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம ஒத்த ரூபா குடுக்காதீங்க. பெரியவர் சுயமாச் சம்பாதிச்ச சொத்துன்னா அம்மாவுக்கும் 3 பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 1956 வாரிசுரிமைச் சட்டத்துலயே அப்படித்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்தா இது தெரியாது, வாரிசுச் சான்றுலதான் தெரியும். 2016-ல நான் வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல பசங்க 2 பேர் கையெழுத்தை வாங்கிட்டு 5 லட்சம் குடுத்தேன். அக்காக்காரி பாகப்பிரிவினை கேஸ் போட்டாங்க. காசு திரும்பி வர மூணரை வருசம், வட்டி கிடையாது. கேஸ் கட்டு இன்னும் என் பீரோவுல இருக்கு.

2 லட்சம் அட்வான்ஸ் போதும், பேங்க் மூலமாவே போடுங்க. 4 பேரும் கையெழுத்துப் போட்டுக் கிரய ஒப்பந்தத்தைப் பதிஞ்சிருங்க. 2012-லயே இங்க அதைப் பதிஞ்சாகணும்னு சட்டம் வந்துருச்சு. பட்டா அவங்க பேருக்கு மாறினதும் அடுத்த தவணை, மீதி கிரயத்தன்னிக்கு டி.டி.யா.

பத்திரம் எழுதறவன்:
40-க்குப் பதிஞ்சா லோன் கணக்கே உதைக்கும். 30 லட்சத்துக்கு மேல லோன்னா மதிப்புல 80 சதவீதம்தான் உச்சம், 40-க்கு 32 லட்சம்தான் கிடைக்கும். 20,000-மோ அதுக்கு மேலயோ ரொக்கமா அட்வான்ஸ் வாங்கினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம், அதை அவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க. நாளைக்கு நீங்க விக்கும்போதும் அடக்கம் 40-ன்னுதான் வரி போடுவாங்க. முழு விலைக்கே பதியுங்க. 50 லட்சத்துக்குக் குறையாத விலைன்னா 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கிறவர் கணக்குல வருமான வரி) பிடிச்சுக் கட்டணும், 2 பேர் சேர்ந்து வாங்கினாலும் மொத்த விலைதான் கணக்கு.

கட்டிங் மாஸ்டர்:
நன்றிங்க. மச்சானை எப்படிச் சேர்க்கறதுங்க்கா?

வேலம்பாளையம் அக்கா:
பத்திரத்துல 2 பேர் பேரும் போட்டு, யாருக்கு எத்தனை பங்குன்னு எழுதுங்க. பேர் இருந்தா லோன்லயும் அவர் கையெழுத்தை பேங்க் கேக்கும், இப்பவே சொல்லிருங்க. 5 வருசம் கழிச்சு ஒருத்தர் விலகினா என்ன விலைக்கு மத்தவர் எடுக்கறதுன்னு தனியா எழுதிக்குங்க. தங்கச்சி முன்னாடியே பேசுங்க. இல்லீன்னா பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போக முடியாது.

கட்டிங் மாஸ்டர்:
ஞாயித்துக்கிழமை குழாயடிக்குப் போனேனுங்க. ஒரே மீட்டர்தான். கரண்டு, தண்ணி போக 3,500-ங்கறாங்க. 2 வீடு ஆடியில இருந்தே பூட்டிக் கிடக்குது. 60-ன்னதுக்கு வீட்டுக்காரர் மகன் சிரிச்சுட்டு 66-ன்னார். பெங்களூர் அக்கா கையெழுத்துன்னதும்தான் முகம் மாறுச்சு. வெள்ளிக்கிழமை போன் பண்ணேன், எடுக்கலைங்க.