வலது கையை அசைத்தால் மூளையின் இரண்டு பக்கமும் ஒளிர்ந்த கதை: இடம் வலம் மாறிய அனுபவங்கள்

ஆய்வு மாணவி:
வலது கை விரல்களைத் தட்டச் சொல்லி எடுத்த எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளைப் பகுதிகளைக் காட்டும் எம்ஆர்ஐ) தரவு அது. உடலின் அசைவை எதிர்ப்பக்க மூளை இயக்குவதால், இடது இயக்கப் புறணி (அசைவைக் கட்டுப்படுத்தும் மேற்பகுதி) ஒளிர வேண்டும். இத்துறையில் கால் வைக்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. எனக்கோ 22 பேரின் சராசரிப் படத்தில் இரண்டு பக்கமும் மங்கலாக ஒளிர்ந்தன. கோப்புகளைச் சந்தேகித்திருக்க வேண்டும். நான் செய்ததோ, இரு அரைக்கோளங்களும் கூட்டாக இயங்குவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

“ஒவ்வொருவரின் படத்தையும் தனித்தனியாகப் பார்த்தாயா?” என்று வழிகாட்டி கேட்டார். அன்றிரவுதான் பார்த்தேன். 13 பேருக்கு இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது. 9 பேருக்கு வலப்பக்கம், அதே பளிச்சோடு. கைக்கு அதே பக்கத்தில் ஒளிர வேண்டிய சிறுமூளையும் அந்த ஒன்பது பேருக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. மொத்தமாகக் கண்ணாடிப் பிம்பம்!

அந்த ஒன்பதும் அனலைஸ் என்ற பழைய மூளைப்படக் கோப்பு வடிவத்திலிருந்து நிஃப்டி என்ற புதிய வடிவத்துக்கு மாற்றப்பட்டவை. அனலைஸின் 348 பைட் தலைப்பகுதியை நம்பி எது இடம், எது வலம் என்று சொல்லிவிட முடியாது. திறக்கும் மென்பொருள் எப்படி எடுத்துக்கொள்கிறதோ அப்படித்தான். மாற்றியவர் ஒன்றை நினைத்தார், எடுத்தவர் வேறொன்றை நினைத்திருந்தார்.

இதயம் வலப்பக்கம் தெரிந்தால் யாரும் திடுக்கிடுவார்கள். மூளையைத் திருப்பிப் போட்டாலும் மூளையாகவே தெரிகிறது. வலது முன்மடல் சற்று முன்னும் இடது பிடரிமடல் சற்றுப் பின்னும் நீண்டிருப்பது வழக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எம்ஆர்ஐ தொழில்நுட்பர்:
எங்களுக்குக் கதிரியல் முறைதான் பழக்கம். நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய வலம் உங்கள் இடப்பக்கம் வரும். நரம்பியல் ஆய்வாளர்கள் பலர் இடத்தை இடமாகவே காட்டும் முறையை விரும்புகிறார்கள். மூளைப்படங்களைப் பார்க்கும் மென்பொருள்களில் எஸ்பிஎம் அப்படித்தான் காட்டும். எஃப்எஸ்எல்ஐஸ், ஃப்ரீவியூ இரண்டும் எடுத்த எடுப்பில் கதிரியல் முறையில் காட்டும். திரையில் காட்டும் முறை வேறு, கோப்பில் சேமித்திருக்கும் வரிசை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

இதற்கு மருந்து எளிது. வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதிலும் நான் கோட்டை விட்டிருக்கிறேன். எதிரே நின்றுகொண்டு ஒட்டினேன், என்னுடைய வலப்பக்கமாக! படுத்திருந்தவருக்கு அது இடது நெற்றி. நல்லவேளை, அவரே “இது இடது பக்கம் அல்லவா?” என்றார். அன்று முதல் “உங்கள் வலது கையால் தொட்டுக் காட்டுங்கள்” என்று கேட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

நிரலாளர்:
என் தவறு கொஞ்சம் சுவையானது. ஸ்கேனரிலிருந்து வரும் மூலக் கோப்பு வடிவமான டைகாமில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கமாகவும், ஒய் அச்சு முதுகுப்பக்கமாகவும் வளரும். நிஃப்டியில் எக்ஸ் வலப்பக்கம், ஒய் முன்பக்கம். இசட் இரண்டிலும் உச்சந்தலையை நோக்கித்தான். ஆகவே எக்ஸ், ஒய் இரண்டின் குறிகளையும் மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றினால் அது வெறும் சுழற்சி, ஒன்றை மட்டும் மாற்றினால் கண்ணாடிப் பிம்பம். நான் எக்ஸை மட்டும் மாற்றினேன். மூக்கு பின்னால் போயிருந்தது. “ஓ, தலைகீழாக இருக்கிறது” என்று படத்தை 180 பாகை சுழற்றினேன். மூக்கு முன்னால் வந்தது, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இடமும் வலமும் மாறியிருந்ததை ஐந்து மாதம் கழித்து வேறொருவர் கண்டுபிடித்தார்.

மற்றொரு ஆய்வாளர்:
ஒளிர்ந்த இடங்களின் ஆயங்களைத் தரும் அட்டவணையில்கூட இந்த வினை உண்டு. எம்என்ஐ என்ற பொதுவான மூளை ஆய முறையில் எக்ஸ் −38 என்றால் இடப்பக்கம். ஏஎஃப்என்ஐ என்ற மென்பொருள் வழக்கமாகத் தருவது டைகாம் வரிசை, அங்கே கழித்தல் குறி என்றால் வலப்பக்கம். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டி அனுப்பியவன் நான்.

மாணவியிடம் ஒரு கேள்வி: ஒளிர்ந்த பக்கத்தை வைத்தே ஒன்பதையும் திருப்பிவிட்டீர்களா? முடிவைப் பார்த்துத் தரவைத் திருத்துவது ஆகாது. அதே நபரின் உடற்கூற்றுப் படம் (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ) சரியென்று தெரிந்தால், எஃப்எம்ஆர்ஐ படத்தை நேராகவும் திருப்பியும் அதன்மேல் பொருத்திப் பார்க்கலாம். எது நன்றாகப் பொருந்துகிறதோ அதுவே சரி. ஏஎஃப்என்ஐ குழுவினர் 2020இல் இந்தச் சோதனையை விளக்கி எழுதினார்கள். பொதுவெளியில் கிடைக்கும் தரவுத்தொகுப்புகளிலேயே இப்படித் திரும்பியவற்றைக் கண்டதாகவும் சொல்லியிருந்தார்கள்.

ஆய்வு மாணவி:
திருப்பத்தான் போனேன், வழிகாட்டி இதே காரணம் சொல்லித் தடுத்துவிட்டார். ஏழு பேரின் மூல டைகாம் கோப்புகள் ஒரு பழைய வன்வட்டில் கிடைத்தன. அவற்றிலிருந்து மறுபடி மாற்றினோம், ஏழும் இடப்பக்கம் வந்தன. எட்டாமவருக்கு இடது பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியின்) நுனியில் தீங்கற்ற நீர்க்கட்டி இருப்பதாக அன்றைய மருத்துவ அறிக்கை சொன்னது, எங்கள் கோப்பில் அது வலப்பக்கம் இருந்தது. ஒன்பதாமவருக்கு டைகாமும் இல்லை, மாத்திரையும் இல்லை, கட்டியும் இல்லை. வலப்பக்கம் அவ்வளவு பளிச்சென்று ஒளிர்கிறது, திரும்பியிருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் கட்டுரையில் 21 பேர் என்றுதான் போட்டிருக்கிறோம்.