நகரக் குளம் பச்சையாகிவிட்டது: தூர்வாரினால் போதுமா?

வன்னிவாசி (கேள்வி):
வவுனியா நகரை ஒட்டிய எங்கள் சிறிய குளத்தின் கட்டில் முதலில் நடைபாதை அமைத்தார்கள். பின்னர் மிதிபடகுகளும் சிற்றுண்டிக் கடைகளும் வந்தன. இப்போது அலைகரையில், அதாவது கட்டுக்கு எதிரே குளநீர் ஏறி இறங்கும் தாழ்கரையில், மண் நிரப்பி விடுதிகள் எழுகின்றன. கோடையில் நீர் பசுங்குழம்பாகி நாறுகிறது, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. பெக்கோ இயந்திரம் இறக்கித் தூர்வாரப் போகிறார்களாம். அது போதுமா?

நீர்மானி:
தூர்வாருதல் தேவைதான், ஆனால் முதல் வேலை அதுவல்ல. மலசலகூடக் குழிகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் வந்து சேரும் பொசுபரசையும் நைதரசனையும் உண்டு பெருகும் பாசி, இரவில் நீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடுவதால்தான் விடியுமுன் மீன்கள் மூச்சடைத்து இறக்கின்றன. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. ஆனால் அது ஆழமான ஏரி. எங்கள் குளங்களோ ஆழமற்றவை. அடிச்சேற்றில் படிந்த பொசுபரசு சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போதெல்லாம் கலங்கி மேலே வரும், மாரியில் குளம் நிரம்பி வான்பாயும் (வழிந்தோடும்) வரை வெளியேற வழியும் குறைவு. ஆகவே கழிவு வரத்தை அடைத்த பின்னரே சேற்றை அள்ளவேண்டும். மாறிச் செய்தால் செலவு வீண். படர்ந்திருப்பது நீலப்பச்சைப் பாசி என்றால் சிறுவர்களை நீரில் இறங்க விடாதீர்கள். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

கமக்காரன் மகன்:
நடைபாதை கட்டின்மேல் இருக்கும்வரை நீருக்குப் பெருங்கேடில்லை. அலைகரையில் கொட்டும் மண்தான் இரட்டைக் கேடு. நீரேந்து பகுதியிலிருந்து ஓடிவரும் கலங்கலை அங்குள்ள புல்லும் சம்பும் மருதமரங்களும் மறித்து வடிகட்டும். குளம் நிறையும்போது நீர் பரவி நிற்பதும் அங்கேதான். அதை மூடினால், அதே மழைக்குக் குளம் முன்னதாகவே வான்பாய்ந்து தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகும். (பிறகு மழையைத் திட்டுவோம்.) 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளம் என்றால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் குளங்களைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள் உண்டு. கமக்காரர் அமைப்பு ஊடாக எழுத்தில் முறையிட்டு, நில அளவை செய்து எல்லைக்கல் நாட்டக் கேளுங்கள். தூர்வாரும் நாளில் ஒருவர் அருகில் நிற்கட்டும்: அடியிலுள்ள களிப்படையை வெட்டிவிட்டால் நீர் நிலத்துக்குள் இறங்கிவிடும்.

வன்னிவாசி:
நன்றி ஐயா. வயல்களில் பாதி வீட்டுக்காணிகளாகிவிட்டதால் எங்கள் கமக்காரர் அமைப்பு பெயரளவில்தான் இருக்கிறது. கடைக்காரர்களும் அயலவர்கள், அவர்களை அகற்றச் சொல்ல மனம் வரவில்லை.

நீர்மானி:
கடைகளை அகற்றவேண்டியதில்லை. கழிவுநீரைக் கசியாத தொட்டிகளில் சேர்த்து, நிரம்பியதும் பவுசரில் ஏற்றி அகற்றினால் அவை இருந்துவிட்டுப் போகட்டும். முழுநீர்மட்டத்துக்குள், அதாவது குளம் நிறையும்போது நீர் எட்டும் எல்லைக்குள், நிற்கும் விடுதிகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நிரப்பிய மண்ணை அகற்றாமல் குளத்தின் கொள்ளளவு திரும்பாது. அமைப்பைப் பொறுத்தவரை, வயல் வைத்திருக்கும் சிலரையாவது சேர்த்து மாரிக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள்; மழை தொடங்கிவிட்டால் அளவையாளர் அலைகரையில் இறங்க முடியாது.