வீடியோ கேம் ஆடினால் டிஸ்ப்ராக்சியா உள்ள பிள்ளைக்கு உதவுமா?

வேளச்சேரி_அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது. போன வருடம்தான் டிஸ்ப்ராக்சியா என்று சொன்னார்கள், கை கால் அசைவுகள் ஒருங்கிணைந்து வராத பிரச்சினை. சட்டைப் பட்டன் போட்டு முடிப்பதற்குள் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்துவிடும், ஷூ லேஸ் இன்னும் நான்தான் கட்டிவிடுகிறேன், ரசம் சாதம் என்றால் பாதி தட்டுக்கு வெளியே. வாயால் கேட்டால் பாடம் எல்லாம் கடகடவென்று சொல்வான், எழுதச் சொன்னால் இரண்டு வரியில் கை வலிக்கிறது என்று பென்சிலை வைத்துவிடுவான். கீழே பையன்கள் கிரிக்கெட் ஆட இவனைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவன் சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி வாங்கி வருகிறேன் என்கிறார், கேம் ஆடினால் கையும் கண்ணும் பழகிவிடுமாம். மாமியாரோ, ஏற்கெனவே ஓடி ஆடாத பிள்ளையை இன்னும் உட்கார வைக்கப் போகிறீர்களா என்று கேட்கிறார். தெரபிக்கு வாரம் இரண்டு நாள் அலைகிறோம், செலவும் கொஞ்சமில்லை. கேம் உதவும் என்றால் தெரபியைக் குறைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடி_குரோம்பேட்டை:
வணக்கம்மா. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. தெரபியைக் குறைக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இது அபூர்வமான பிரச்சினை இல்லை, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5, 6 பேருக்கு இருக்கிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கையை நீட்டும்போதே அது எங்கே போய்ச் சேரும் என்று மூளை ஒரு கணக்குப் போட்டு வைக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தப்புகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். அதனால்தான் நமக்குப் பத்துத் தடவையில் வருவது இவர்களுக்கு வர ரொம்ப நாள் பிடிக்கிறது.

கேம் விஷயத்துக்கு வருகிறேன். 2007-ல் வீ ஃபிட் என்று ஒரு வீடியோ கேம் வந்தது, ஒரு பலகை மேல் நின்று உடம்பைச் சாய்த்து ஆடுவது. அதை இந்தப் பிள்ளைகளுக்குச் சில வாரம் கொடுத்து நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் சோதித்தார்கள். உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்வது பல பிள்ளைகளுக்கு முன்னேறியது. ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி முடிவும் வரவில்லை. முக்கியமாக, பலகையில் நன்றாக நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பட்டன் போடுவது தானாக வந்துவிடாது. எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும். 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளும் பிள்ளை எதில் திணறுகிறதோ அந்த வேலையையே நேரடியாகப் பழக்கச் சொல்கின்றன, உடம்பை அசைத்து ஆடும் கேமைக் கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டனுக்கு இப்படிச் செய்து பாருங்கள். கனடாவில் உருவான கோ-ஆப் என்ற முறை, நாங்கள் இங்கே பயன்படுத்துவதுதான். என்ன செய்யப் போகிறாய், எப்படிச் செய்யப் போகிறாய் என்று பிள்ளையையே சொல்லச் சொல்வோம், செய்த பிறகு எங்கே சிக்கியது என்பதையும் அவனே பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைக்கும்போது வாயைக் கட்டிக்கொள்வதுதான் கஷ்டம். வேன் வரும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய பட்டன் வைத்த சட்டையில் ஆரம்பியுங்கள்.

பெரம்பூர்_தம்பி:
அக்கா, எனக்கே டிஸ்ப்ராக்சியா இருக்கிறது, இப்போது ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறேன். மேலே அவர் சொன்னது சரிதான், கேம் ஆடி என் கையெழுத்து ஒன்றும் மாறவில்லை. ஆனால் உட்கார்ந்து ஆடுகிற கேமால் பிரயோஜனமே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரவுண்டில் கேட்ச் விட்டால் பதினோரு பேர் பார்ப்பார்கள், கேமில் தோற்றால் யாருக்கும் தெரியாது, திரும்ப ஆடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். திரும்பத் திரும்ப முயன்றால் வரும் என்கிற தைரியமே எனக்கு அங்கேதான் கிடைத்தது, நண்பர்களும் அப்படித்தான் கிடைத்தார்கள்.

எந்த கேம் என்பதில் மட்டும் கவனம். ஒரு கட்டை விரலால் நடந்துகொண்டு இன்னொன்றால் கேமராவைத் திருப்ப வேண்டிய கேம்கள் எங்களுக்கு நரகம், அதை முதலில் கொடுத்தால் இதுவும் எனக்கு வராது என்று ஒதுங்கிவிடுவான். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் ரேஸ் கேமில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்று ஒன்று இருக்கிறது, வண்டி பாதையை விட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும், ஆக்சிலரேட்டரையும் தானாக ஓடும்படி வைக்கலாம். அவனால் மற்ற பிள்ளைகளோடு அன்றைக்கே ஆட முடியும். எந்த பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதையும் ஸ்விட்ச் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். கீழே இருக்கும் பையன்களில் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட விடுங்கள் அக்கா, தயவுசெய்து அதை மட்டும் செய்யுங்கள்.

மயிலை_அப்பா:
கேமைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எழுத்து பற்றிச் சொன்னீர்களே, அதற்காக எழுதுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பிரிவில் டிஸ்ப்ராக்சியாவின் பெயரே இருக்கிறது, பல பள்ளிகளுக்கு இது தெரியாது. என் மகள் பள்ளியில் வாசிப்பதில் திணறும் டிஸ்லெக்சியாவுக்கு மட்டும்தான் சலுகை என்றார்கள், சட்டத்தின் அந்தப் பகுதியை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் பேச்சே மாறியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் இதற்கெல்லாம் சான்றிதழ் கேட்பார்கள், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கிவிடுங்கள். முட்டுக்காட்டில் நீப்மெட் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம், தெரபியும் உண்டு. தனியார் செலவு தாங்கவில்லை என்றால் ஒரு முறை போய் விசாரியுங்கள்.

வேளச்சேரி_அம்மா:
எல்லோருக்கும் நன்றி, இந்தச் சட்டம் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. குரோம்பேட்டை மேடம், ஒரே ஒரு கேள்வி. சித்தப்பா ரிங் ஃபிட் என்று ஒரு கேமும் சொல்கிறார், ஓடுவது குதிப்பது எல்லாம் இருக்கிறதாம். நாங்கள் இரண்டாவது மாடி, கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். சரிப்படுமா?

ஓடி_குரோம்பேட்டை:
சரிப்படும். ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி எழும்படி மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது, சத்தம் வராது. மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள், வெறுங்காலோடு, சுற்றி மேஜை முனை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரிங் ஃபிட்டை விட்டுவிட்டு அந்தத் தம்பி சொன்ன கார் கேமை வாங்குங்கள். உடம்புக்குச் சாயங்காலம் பெசன்ட் நகர் மணலில் நடக்க விடுங்கள், சைக்கிள் பழக்குங்கள். அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது பட்டனையும் ஷூ லேஸையும் இலக்காக எழுதிக்கொள்ளச் சொல்லி நீங்களே கேளுங்கள்.